பி.எஸ்சி. நர்சிங்கா, டிப்ளமோவா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் கோபி, சத்தியமங்கலம் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி இது.

பி.எஸ்சி. நான்கு ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம் தேவை. டிப்ளமோவான ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு உதவிப் படிப்பு) மூன்று ஆண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் இருந்தால் பிற பாடப்பிரிவினரும் சேரலாம். ஆனாலும் சேரும் இடத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைத் தாங்க முடிந்தால் பி.எஸ்சி.யையே எடுங்கள் என்பேன். எம்.எஸ்சி. படித்து விரிவுரையாளராகும் வழி அதில் நேராக இருக்கிறது. ஜி.என்.எம். முடித்தவர் அங்கே போக, இடையில் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்க வேண்டும். ஆனால் மஞ்சள் விலை சரிந்து கடனில் நிற்கும் குடும்பத்துக்கு, ஓராண்டு முன்னதாக வரும் சம்பளம் பெரிய ஆறுதல். அந்த முடிவை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

இரண்டிலும் வேலைக்கு முன் மாநிலக் கவுன்சிலில் பதிவு கட்டாயம். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, நர்சிங் என்று நம்பி ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பில் பணம் கட்டினாள். பதிவு செய்யவே முடியவில்லை. அங்கீகாரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.