பழைய சொகுசு எஸ்யூவி மன்னார்குடிக்கு ஒத்துவருமா?

புதிதில் ஒரு கோடி ரூபாயை நெருங்கிய வண்டி, சில ஆண்டுகள் ஓடியபின் புது இன்னோவாவின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? மன்னார்குடிப் பக்கம் இருந்துகொண்டு அப்படிப்பட்ட ஒன்றைத்தான் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். மூன்று லிட்டர் வி6 டீசல், ஏழு இருக்கை, ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், ஐந்து மீட்டரைத் தாண்டும் நீளம், இரண்டரை டன்னை ஒட்டிய எடை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த அளவில் வரும் ஐரோப்பிய வண்டிகள் பெரும்பாலானவற்றின் சங்கதி ஒன்றுதான்.

முதலில் பணக் கணக்கு. சரிந்தது வண்டியின் விலை மட்டுமே. உதிரிபாகங்களின் விலை சரியவில்லை. பிரேக் டிஸ்க் ஆகட்டும், ஹெட்லைட் ஆகட்டும், கடைக்காரர் உங்களிடம் கேட்பது கோடி ரூபாய் வண்டிக்கு உரிய விலையைத்தான். வாங்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைக்க இயலாதவர்கள் இந்த ஆசையை இப்போதே விட்டுவிடுவது உத்தமம். மாறாக, 4.5 லிட்டர் வி8 டீசலோடு வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 200 பழையதானாலும் லேசில் விலை இறங்குவதில்லை. சந்தை காரணமில்லாமல் யாருக்கும் தள்ளுபடி தராது.

சுகம் எப்படி என்று கேட்டால், குறை சொல்ல நா வராது. கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி சேர்ந்து சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் வண்டி தன் இயல்புக்கு வந்துவிடும். முதுகுவலிக்காரரான அம்மா தாம்பரம் வரை தூங்கிக்கொண்டு வருகிறார். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுக்கிறது. ஊருக்குள் ஏழு கொடுத்தால் அதிகம்.

ஊருக்குள் என்பதில்தான் வில்லங்கமே. நம் பக்கத்து வாய்க்கால் பாலங்கள் மாட்டுவண்டிக் காலத்து அகலம். அறுவடை நாட்களில் பாதிச் சாலையில் நெல் காயும்; மீதிப் பாதியில் டிராக்டர் எதிரே வரும்; பின்வாங்க வேண்டியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. கும்பகோணத்துச் சந்துகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். மகாமகக் குளத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடப்பதே மரியாதை.

அடுத்தது டி.பி.எஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி. அதில் சேரும் கரி எரிந்து தீர வேண்டுமானால் வண்டி சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடிப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். கடைத்தெருவுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் போய்வந்து, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏ.சி. போட்டுக் காத்திருந்தால் கரி எங்கே எரியும்? அடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு எரியும். கரியை எரிப்பதற்காகச் செலுத்தப்படும் டீசலும் எஞ்சின் ஆயிலோடு கலந்து அதைக் கெடுக்கும்.

பிறகு எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் அவை வீட்டுப் பக்கம் குடிவரும். ஒரு தை மாதக் காலையில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் என்று வரிசையாக எச்சரிக்கை. பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் மூடியின்மேல் ஒரு கைப்பிடி நெல், குதறிய ஸ்பாஞ்ச், பக்கத்தில் தோலுரிந்து செம்பு பளபளக்கும் வயர். ஒரே ஒரு சென்சார் வயர் போனதற்குத்தான் அத்தனை கூப்பாடு. உள்ளூர் எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். திருச்சியிலிருந்து ஆள் வர வேண்டியதாயிற்று. இப்போது கொட்டகைக்குக் கம்பி வலை அடித்து, பானெட்டுக்குள் வேதாரண்யம் புகையிலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பலன் தருவது வலையா புகையிலையா என்று பிரித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: வண்டியை உயர்ந்த நிலைக்கு ஏற்றி இரவு முழுவதும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். காலையில் நான்கு சக்கரங்களுக்கு மேலும் விரல் விட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே காற்றுப்பை கசிகிறது. அதை ஈடுகட்ட ஓடி ஓடிக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் விரைவில் படுத்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து வண்டல் கோடு தெரிகிறதா என்று நோக்குங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. டயர் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு; ஓடோமீட்டர் காட்டும் தூரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று யோசியுங்கள். நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் கிடந்த வண்டியென்றால் அடிப்பாகத்துத் துருவைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டில்லிப் பதிவு வண்டி மலிவாக வருவதற்கும் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அந்த வயதை நெருங்கிய வண்டிகள் தெற்கே இறங்கத் தொடங்கின. 2025இல் நீதிமன்றம் தடையைத் தளர்த்தியது. தடையில்லாச் சான்று, மறுபதிவு, வயதுக்கேற்ற ஆயுட்கால வரி எல்லாம் கூட்டினால் மலிவு பாதி கரைந்துவிடும்.

பாபநாசத்து மைத்துனன் போன பொங்கலுக்கு வந்தபோது வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், நானும் ஒன்று எடுக்கட்டுமா?" என்றான்.

"மாதத்துக்கு எத்தனை தடவை சென்னை போகிறாய்?"

"தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவதுதான்."

இன்னோவா எடுத்துக்கொள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு ஓட்டம் வீட்டுக்கும் ரைஸ்மில்லுக்கும்தான். எனக்கு வேலை நிமித்தம் மாதந்தோறும் சென்னை உண்டு, கொட்டகை உண்டு, திருச்சியில் நம்பகமான மெக்கானிக் உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நான் இதை வைத்திருக்கமாட்டேன்.

விற்பதற்கும் இப்போதே தயாராக இருக்க வேண்டும். தஞ்சை வட்டாரத்தில் இதற்கு ஆள் கிடைப்பது அரிது. சென்னைக்கோ கோவைக்கோதான் கொண்டுபோக வேண்டும். அங்கே வாங்க வருகிறவர் பெயிண்டைவிட சர்வீஸ் பில்லைத்தான் முதலில் கேட்பார் என்பதால், புகையிலை வாங்கிய சீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.