பூட்டு முதல் கேமரா வரை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவந்தவை

வீட்டுப் பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றி நாம் படிக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, சாதனத்தை வாங்கிய சில நாட்களுக்குள் எழுதப்பட்டவை. பெட்டியைப் பிரித்த புதிதில் எல்லாமே ஒழுங்காகத்தான் இயங்கும். மழையில் கதவு உப்பிய பிறகு பூட்டு எப்படி நடந்துகொள்கிறது, வெயிலும் தூசியும் பட்ட கேமரா இரவில் எதைக் காட்டுகிறது, பேட்டரி தளர்ந்த பிறகு சைரன் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பவையெல்லாம் பல பருவங்கள் கடந்த பிறகே தெரிகின்றன. பல ஆண்டுகளாக இவற்றைப் பயன்படுத்திப் பராமரித்து வருபவன் என்ற முறையில், எவை நிலைத்தன, எவை கூடுதல் கவனம் கேட்டன என்பதை இங்கே பகிர்கிறேன்.

முதலில் கதவு. பூட்டு எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைக் காட்டிலும், பூட்டின் நாக்கு போய் உட்காரும் இடம் எவ்வளவு உறுதியானது என்பதே முக்கியம் என்று அனுபவத்தில் உணர்ந்திருக்கிறேன். கதவை உதைத்துத் திறக்க முயலும்போது பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. கதவு நிலையில் அடித்திருக்கும் தகடு பிய்த்துக்கொண்டு வருகிறது, அல்லது அதைச் சுற்றியுள்ள மரம் பிளக்கிறது. பூட்டுடன் பெட்டியில் வரும் திருகுகள் பெரும்பாலும் குட்டையானவை. அவற்றைக் கழற்றிவிட்டு, 3 அங்குல நீளத் திருகுகளை நிலைக்கட்டையின் ஆழத்துக்கு இறக்கினேன். மிகக் குறைந்த செலவில் முடிந்த இந்த ஒரு வேலையை, இன்றுவரை நான் செய்தவற்றில் மிகச் சிறந்ததாகவே கருதுகிறேன்.

நாக்கு குறைந்தது 1 அங்குலமாவது வெளியே நீண்டு, நிலைக்குள் முழுமையாக இறங்க வேண்டும். முழுமையாக இறங்காத நாக்கு, வெளியிலிருந்து தள்ளினால் பின்வாங்கக்கூடும். மரக்கதவு ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்குவதால், இன்று சரியாகப் பொருந்தும் பூட்டு நான்கு மாதம் கழித்துப் பாதியில் நின்றுவிடலாம். இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு: நாக்கின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டிப் பார்த்தால், அது தகட்டின் எந்த இடத்தில் உரசுகிறது என்பது வெள்ளைத் தடமாகப் பதியும். அந்த விளிம்பை அரத்தால் சிறிது ராவினால் போதும், சாவி மறுபடியும் இலகுவாகத் திரும்பும். சாவித் துவாரத்தில் எண்ணெய் விடுவதை நான் ஏற்பதில்லை. அது தூசியைப் பிடித்துவைத்துச் சில மாதங்களில் பசையாகிவிடுகிறது. கிராஃபைட் பொடி நீண்ட நாள் பயன் தருகிறது.

சிலிண்டர் வகைப் பூட்டு வைத்திருப்பவர்கள், சாவி நுழையும் உருளையான அந்தச் சிலிண்டர் கைப்பிடித் தகட்டுக்கு வெளியே எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தியிருந்தால், கருவியால் கவ்வி ஒடிப்பதற்கு அது இடம் கொடுக்கும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் திருகு செல்லும் நடுப்பகுதியே அதில் மிக மெல்லியது, ஒடிவதும் அங்கேதான். கதவு வெளிப்புறமாகத் திறப்பதானால் கீல்களின் ஊசி வெளியில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்; ஊசியை உருவ முடியாத கீல்கள் கிடைக்கின்றன.

ஜன்னல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பிகளைப் பிடித்திருக்கும் திருகுகளின் தலை வெளியிலிருந்து எட்டக்கூடாது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வீட்டிலுள்ள ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து உடனே திறந்து வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும். திருடன் உள்ளே வர முடியாத வீட்டிலிருந்து, தீப்பிடிக்கும்போது குழந்தைகளும் முதியவர்களும் வெளியே வர முடியாமல் போகக்கூடாது.

அடுத்து சென்சார்கள். கதவிலும் ஜன்னலிலும் பொருத்தும் காந்த சென்சாரில் பழுதாக அதிகம் எதுவுமில்லை. காந்தம் விலகியதும் இணைப்பு மாறுகிறது, அவ்வளவுதான். அதனுடன் வரும் ஒட்டு நாடா மட்டும் வெப்பத்தில் இளகிவிடுவதால், திருகு போட்டுப் பொருத்துவதே நல்லது. அறைக்குள் நடமாட்டத்தை அறியும் அகச்சிவப்பு சென்சார் அப்படியல்ல. அது உடலின் வெப்பம் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு நகர்வதைத்தான் உணர்கிறது. ஆகவே தன்னை நோக்கி நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை விரைவாகப் பிடிக்கிறது. அறையின் மூலையில் சுமார் 7 அடி உயரத்தில், கதவை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்தபோது எனக்கு நல்ல பலன் கிடைத்தது. கடும் கோடையில் அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது இதன் கூர்மை குறைகிறது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

நேர் வெயில் விழும் இடத்திலும், காற்றில் அசையும் திரைச்சீலைக்கு எதிரிலும் இதை வைத்தால் பொய் எச்சரிக்கைகள் வரும். இதைச் சிறிய தொந்தரவாக நான் நினைக்கவில்லை. சைரன் இரண்டு மூன்று முறை காரணமின்றி அலறினால் அண்டை வீட்டார் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், வீட்டாரே அதை அணைத்துவைக்கத் தொடங்குவார்கள். யாரும் வந்து பார்க்காத சைரன், வெறும் சத்தம்.

இவை அனைத்தையும் தாங்கி நிற்பது மின்சாரம். எச்சரிக்கைக் கருவியின் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளில் வலுவிழந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். மாதம் ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியில் மட்டும் சைரனை ஒலிக்கவிட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் மின்சாரம் போன மறுநொடியே கைபேசிக்குச் செய்தி வருவது நின்றுவிடும்.

கேமராவைப் பொறுத்தவரை, அது திருடனைத் தடுப்பதைவிட நடந்ததைப் பதிவு செய்வதிலேயே அதிகம் பயன்படுகிறது என்பது என் தீர்மானமான கருத்து. அந்தப் பதிவும் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். கூரையோரத்தில் உயரமாக மாட்டிய அகலக் கோண கேமரா, வாசல் முழுவதையும் காட்டும். வந்தவரின் உச்சந்தலையைத்தான் காட்டும், முகத்தைக் காட்டாது. முழு இடத்தையும் பார்க்க ஒன்று, கதவருகே முக உயரத்துக்குச் சற்று மேலே இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்த பிறகே எனக்குப் பயனுள்ள படம் கிடைத்தது. இரவுக் காட்சிக்குப் பெரிய எதிரி சிலந்தி. லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு வலை இழை தொங்கினாலும், கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பட்டு அது வெள்ளைக் கயிறு போலப் பளிச்சிட்டுப் பின்னாலிருக்கும் அனைத்தையும் மறைத்துவிடுகிறது. அது காற்றில் ஆடும் ஒவ்வொரு முறையும் கைபேசியில் எச்சரிக்கை வேறு வரும். மென்மையான துணியால் மாதந்தோறும் துடைப்பதைத் தவிர இதற்கு நிலையான தீர்வு எதையும் நான் காணவில்லை.

மெமரி கார்டு இடைவிடாமல் எழுதப்பட்டுத் தேய்வது. தொடர் பதிவுக்கென்றே விற்கப்படும் கார்டுகளைத்தான் வாங்க வேண்டும். அவ்வப்போது பழைய பதிவொன்றைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கவும் வேண்டும். நேரடிக் காட்சி நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, பதிவு மட்டும் பல வாரங்களுக்கு முன்பே நின்று போயிருக்கக்கூடும். கருவியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள், பதிவு சாட்சியமாகப் பயன்பட அது அவசியம். தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (தீங்கு செய்யும் மென்பொருள்), மாற்றப்படாத இத்தகைய கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. வீட்டைக் காக்க வைத்த கண், வேறொருவர் கைக்குப் போவதை நினைத்தாலே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

கைரேகைப் பூட்டையும் கணிசமான காலம் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். சாவியைத் தேடும் வேலை இல்லை, வெளியாள் ஒருவருக்குப் பூட்டைத் திறக்கக் கொடுத்த எண்ணை மறுநாளே நீக்கிவிடலாம். இவை உண்மையான வசதிகள். ஆனால் ஈரமான விரலையும், வயதில் ரேகை தேய்ந்த விரலையும் அது பலமுறை ஏற்பதில்லை. வீட்டின் மூத்தவரை வாசலில் காக்கவைக்கும் பூட்டை நல்ல பூட்டு என்று நான் சொல்லமாட்டேன். பேட்டரி முற்றிலும் தீர்ந்தால் 9 வோல்ட் பேட்டரியை வெளியிலுள்ள முனைகளில் வைத்துத் திறக்கும் வசதி சில மாதிரிகளில் உண்டு. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சாவித் துவாரம் பல மாதிரிகளில் மலிவான சிலிண்டராக இருக்கிறது. மின்னணுப் பகுதி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அந்தத் துவாரத்தின் தரமே பூட்டின் தரம். ஆகையால் அதைப் பகல் நேரப் போக்குவரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரவிலும் வெளியூர் செல்லும்போதும் அதன் கீழேயுள்ள சாவிப் பூட்டையும் சேர்த்தே பூட்டி வருகிறேன்.