ஸ்டூடியோவில் கட்டுகிறேன், எல்டிராவில் சேமிக்கிறேன்

லெகோ கட்டைகளைக் கொண்டு ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் திரையிலேயே கட்டி முடித்தேன். கட்டைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அத்தனையும் காசு கொடுத்து வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது, ஆகவே அந்தக் கோப்புதான் என் எஞ்சின். அதை எந்த மென்பொருளை நம்பி வைப்பது என்று இரண்டு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் என் மனம் ரசிகர்களே வளர்க்கும் எல்டிரா பக்கம் சாய்ந்துவிட்டது.

நான் பார்த்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம், எல்லாவற்றிலும் கட்டையைச் சுழற்றலாம், ஒட்டலாம், நிறம் மாற்றலாம். அதை விட்டுவிடுவோம்.

முதலில், லெகோ நிறுவனமே தந்த டிஜிட்டல் டிசைனர். 2004-இல் வந்தது. மறு வருடமே, நாம் வடிவமைத்ததை நிறுவனத்திடமே ஆர்டர் செய்து பெட்டியாக வாங்கும் வசதியும் வந்தது. 2012-இல் அந்த வசதியை நிறுத்தினார்கள். 2016-இல் மென்பொருளை வளர்ப்பதை நிறுத்தினார்கள். 2022 ஜனவரியோடு தரவிறக்கமும் போயிற்று. குழந்தைகள்கூட ஐந்து நிமிடத்தில் பழகிவிடக்கூடிய நல்ல கருவி அது. ஆனால் பொம்மை விற்கும் நிறுவனத்துக்கு மென்பொருள் ஒரு செலவுக் கணக்குதானே. நிறுத்தியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

எல்டிரா நேர் எதிர். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ரசிகர் 1995-இல் டாஸ் கணினிக்காக எழுதிய மென்பொருள். இரண்டே வருடத்தில் அவர் இறந்துவிட்டார். மற்ற ரசிகர்கள் அதை விடவில்லை. நிஜக் கட்டையை அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு எழுதி, இன்றுவரை அந்தக் கட்டைக் கோப்புகளின் நூலகத்தை வளர்க்கிறார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வேறு. தன் பெயரை இணைய முகவரியில் சேர்க்காதீர்கள் என்பது போன்ற வணிகக்குறி நிபந்தனைகளை லெகோ போட்டதே தவிர, இந்த வேலையைத் தடுக்கவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது கோப்பின் வடிவம்தான். எல்டிரா கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு கட்டைக்கு ஒரு வரி:

1 4 0 -24 0 1 0 0 0 1 0 0 0 1 3001

முதல் 1, ‘இது ஒரு கட்டை’ என்று சொல்கிறது. 4 என்றால் சிவப்பு. அடுத்த மூன்று எண்கள் அது இருக்கும் இடம், அதற்கடுத்த ஒன்பதும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. 3001 நமக்கெல்லாம் தெரிந்த எட்டுக் குமிழ்க் கட்டை (எண்ணின் பின்னால் வரும் கோப்பு வகையை இங்கே விட்டுவிட்டேன்). அளவுக்கு அலகு 0.4 மில்லிமீட்டர், ஒரு கட்டையின் உயரம் 24 அலகு. மேலே போகப் போக எண் குறையும் என்பதால்தான் அந்தக் கழித்தல் குறி. பழகும்வரை தலை சுற்றும்! ஆனால் இதைப் புரிந்துகொள்ள எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். எல்டிரா கோப்பைத் திறந்து கட்ட உதவும் லியோகேட் போன்ற திறந்தமூல மென்பொருள் நாளைக்கே நின்றுபோனாலும், இந்த வரியைப் படிக்க இன்னொருவர் ஒன்றை எழுதிவிடுவார்.

அப்புறம் ஏன் நான் கட்டுவது ஸ்டூடியோவில்? பிரிக்லிங்க் என்பது 2000-இல் தொடங்கிய, ரசிகர்கள் கட்டைகளை வாங்கி விற்கும் சந்தை. ஸ்டூடியோ அந்தச் சந்தையின் மென்பொருள். 2019-இல் சந்தையையே லெகோ வாங்கியபோது இதுவும் கூடவே போயிற்று. டிஜிட்டல் டிசைனரை மூடியபோது நிறுவனம் கைகாட்டியது இந்த ஸ்டூடியோவைத்தான். வேடிக்கை என்னவென்றால், ஸ்டூடியோவுக்கு அடியில் இருப்பதும் ரசிகர்கள் அளந்து எழுதிய அதே எல்டிரா நூலகம்.

கட்டும் வேலைக்கு ஸ்டூடியோவே சுகம், ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குக் காட்டும், படிப்படியான செய்முறைப் புத்தகமும் தயாரித்துத் தரும். விண்டோஸ், மேக் இரண்டுக்கு மட்டும் என்பதுதான் குறை. என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ், அதில் லியோகேட்தான். பற்சக்கரங்கள் வைத்த டெக்னிக் வேலை நான் அதிகம் செய்ததில்லை. உலாவியிலேயே ஓடும் மெகாபிரிக்ஸை இரண்டு மாலை மட்டுமே தொட்டேன். அந்த இரண்டிலும் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்டூடியோவில் கட்டி, தினமும் எல்டிரா வடிவில் ஏற்றுமதி செய்து வைப்பது என் வழக்கம். எஞ்சினின் கொதிகலனுக்கு அடர்பச்சையில் நான் வைத்த வளைவுக் கட்டை அந்த நிறத்தில் வந்ததே இல்லை என்று ஸ்டூடியோதான் காட்டிக்கொடுத்தது. சரி, கறுப்பாகவே இருக்கட்டும் என்று எல்டிரா கோப்பை நோட்பேடில் திறந்தேன். நிறத்தின் இடத்தில் 288 என்று இருந்ததையெல்லாம் 0 ஆக்கினேன், கொதிகலன் கறுப்பாகிவிட்டது.