பூட்டா, கொலையா? ஒரு எஸ்கேப் ரூமும் மூன்று பெட்டிகளும்

பிளஸ் டூ பரீட்சை முடித்த அண்ணன் மகளுக்கு இந்த லீவில் ஒரு கொலைக் கதை எழுதியே ஆக வேண்டுமாம். களம் எஸ்கேப் ரூம் போட்டி, அதாவது ஓர் அறைக்குள் போய்ப் புதிர்களை விடுவித்து, பூட்டுகளைத் திறந்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டிய விளையாட்டு. இறுதிச் சுற்றுக்கு ஐந்து பேர் உள்ளே போகிறார்கள், நான்கு பேர்தான் உயிரோடு வெளியே வருகிறார்கள். நடக்காத விஷயமில்லை, போட்டியைச் சொல்கிறேன். ரெட் புல் நிறுவனம் 2017-ல் புடாபெஸ்டிலும் 2019-ல் லண்டனிலும் இதற்கு உலகப் போட்டியே வைத்தது. "எழுதறதுக்கு முன்னாடி நாலு விளையாடிப் பார்த்துடலாம் சித்தப்பா" என்றாள். செலவு சித்தப்பாவுடையது. ஒரு நிஜ அறை, மூன்று பெட்டி விளையாட்டுகள். கொலை என்று அட்டையில் போட்டிருப்பவற்றில் எதில் உண்மையிலேயே கொலை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அறை. 2007-ல் கியோட்டோவில் தக்காவோ கத்தோவின் ஸ்க்ராப் நிறுவனம் தொடங்கிவைத்த விளையாட்டு இது. 2011-ல் புடாபெஸ்டில் பாராபார்க் என்ற எஸ்கேப் ரூம் வந்த பிறகு ஐரோப்பாவில் வேகமாகப் பரவியது. பெரும்பாலும் அறுபது நிமிடம். கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் கேம் மாஸ்டர், திணறினால் க்ளூ கொடுப்பார்.

நாங்கள் போன அறையில் ஒரு டாக்டர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டிருந்தார். மேசை டிராயரில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. இவள் முதல் வரியைத்தான் வாசித்திருப்பாள், அதற்குள் தோழி அதைப் பிடுங்கி, "தேதியைப் பாருடி, பதினாலு ஏழு, போடு போடு" என்றாள். 1407 வைத்ததும் நம்பர் பூட்டு திறந்துகொண்டது. கடிதம் கீழே விழுந்தது. அப்புறம் யாரும் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான்கு நிமிடம் மிச்சம் வைத்து வெளியே வந்தோம். போட்டோவுக்கு நிற்கும்போது, கையில் ஒரு லிஸ்ட்டோடு உள்ளே போன பையன் அந்தக் கடிதத்தை எடுத்துத் தூசி தட்டி டிராயரில் வைத்தான், லிஸ்ட்டில் ஒரு டிக் போட்டான். அடுத்த அணிக்கான ரீசெட்.

ஆட்டோவில் கேட்டேன்: "சரி, டாக்டரைக் கொன்றது யார்?" ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

இது அந்த அறையின் குறை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டு ஆய்வாளர் ஸ்காட் நிக்கல்சன் 2015-ல் உலகெங்கும் 175 எஸ்கேப் ரூம் நடத்துபவர்களிடம் விசாரித்தபோது, நேரத்துக்குள் வெளியே வரும் அணிகள் சராசரியாக 41 சதவீதம்தான் என்று வந்தது. கடிகாரம் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும்போது ஒருவன் ஏன் கொன்றான் என்று எவன் யோசிப்பான்? கடிதத்தில் தேதிதான் கண்ணில் படும். ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஓடும் அந்தக் குஷி எந்தப் பெட்டியிலும் கிடைக்காது. போவதானால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கதவை உள்ளிருந்தே திறக்க முடியுமா? 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் நகரத்தில் பிறந்தநாள் கொண்டாடப் போன ஐந்து சிறுமிகள், எல்லாருக்கும் 15 வயது, எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து வெளியேற வழியில்லாமல் இறந்துபோனார்கள்.

அடுத்து பெட்டிகள். முதல் பெட்டி எக்ஸிட். இன்கா பிராண்ட், மார்கஸ் பிராண்ட் தம்பதி உருவாக்கி ஜெர்மனியின் கோஸ்மோஸ் வெளியிடும் வரிசை. 2017-ல், பழகிய ஆட்டக்காரர்களுக்கான விளையாட்டுக்கு ஜெர்மனியில் கொடுக்கும் கென்னர்ஷ்பீல் விருதை வாங்கியது. விடையை ஒரு வட்டச் சக்கரத்தில் வைத்துத் திருப்பினால், எந்த அட்டையை எடுப்பது என்று காட்டும். வெட்டலாம், மடிக்கலாம், கிழிக்கலாம், அதனால் ஒரு தடவைதான் விளையாட முடியும். நல்ல அட்டையில் கத்தரிக்கோல் வைக்க என் கை கூசியது, இவள் கூசவே இல்லை. ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் கொலை நடக்கும் பெட்டியை எடுத்தோம். ரயில் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்வதற்குள் ஆளைப் பிடிக்க வேண்டும். அறையைவிடப் பரவாயில்லை, பயணிகளில் யார் என்று கொஞ்சமாவது மண்டையைக் குடைய வைக்கிறது. கடிகாரம் உண்டு, ஆனால் நேரம் தாண்டினால் கதவை யாரும் தட்டுவதில்லை, முடிவில் கிடைக்கும் நட்சத்திரம் குறையும், அவ்வளவுதான்.

இரண்டாவது பெட்டியான அன்லாக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறுபது அட்டைகள், போனில் ஓர் ஆப். சிவப்பு எண்ணையும் நீல எண்ணையும் கூட்டினால் அடுத்த அட்டையின் எண். 11-உம் 35-உம் என்றால் 46-ஐ எடு. தப்பான அட்டை எடுத்தால் நேரம் பறிபோகும். எதையும் கிழிப்பதில்லை, விளையாடிவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். எங்களுக்கு வாய்த்த பெட்டியில் கொலை பெயருக்குத்தான்.

கடைசியாக வந்தது 1981-ல் அமெரிக்காவில் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ். 1985-ல் ஜெர்மனியில் ஷ்பீல் டெஸ் யாரஸ், அதாவது ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது வாங்கிய பழைய ஆள். இதில் பூட்டே கிடையாது. லண்டன் வரைபடம், முகவரிப் புத்தகம், அந்தந்த நாளின் செய்தித்தாள், பத்து வழக்குகள். நாம் ஹோம்ஸ் இல்லை, அவருக்கு எடுபிடி வேலை செய்யும் பேக்கர் தெருப் பையன்கள். யாரைப் போய்ப் பார்ப்பது என்று நாமே முடிவுசெய்து, முகவரியைத் தேடி, அங்கே நடப்பதை வாசிக்க வேண்டும். கடிகாரம் இல்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். நடுவில் அண்ணி போட்ட காபி ஆறிப்போனது. ஒரு சாட்சி சொன்ன நேரம் செய்தித்தாளில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று இவள் கண்டுபிடித்தபோது போட்ட கூச்சல் டாக்டர் வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மதிப்பெண்தான் வயிற்றெரிச்சல். ஹோம்ஸுக்கு 100. அவரைவிடக் கூடுதலாகப் போன ஒவ்வோர் இடத்துக்கும் நமக்கு 5 கழியும். நாங்கள் சரியான பதில்களுக்கு வாங்கியது 70, அதிகப்படியாக அலைந்தது 11 இடம், கையில் நின்றது 15. ஹோம்ஸ் போன வழியை வாசித்தால், "இது எப்படி சார் தெரியும் உங்களுக்கு?" என்று சண்டைக்குப் போகத் தோன்றும். ஆங்கிலமும் கொஞ்சம் கனம்தான், எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

என்னைக் கேட்டால், கூட்டாளிகளோடு ஒரு சாயங்காலம் போக அறை, மழை நாளுக்கு எக்ஸிட், கொலைக்கு லண்டன். அவளுக்கோ சிக்கல் தீரவில்லை, கதை எஸ்கேப் ரூமில்தானே நடக்க வேண்டும். உள்ளே இருக்கும் அறுபது நிமிடமும் கேமரா பார்க்கிறது, யார் எப்படிக் கொல்வது? இரண்டு நாள் நோட்டும் கையுமாக அலைந்தாள். மூன்றாம் நாள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். முதல் பக்கத்தில் ஒரே வரி: "ரீசெட் லிஸ்ட்டில் 31 பொருள். அறையில் 32."