எழுத்து முடிந்தால் போதுமா? திருகோணமலையில் இரண்டு பதில்கள்

திருமணத்துக்கு வெளியே உடலுறவு பாவம் என்பதில் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்து சபையினரான மெதடிஸ்தருக்கும் பெரிய பிணக்கு இல்லை. திருமணம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பிரிகிறார்கள். விசாவுக்காக எழுத்தை, அதாவது சட்டப்படியான பதிவுத் திருமணத்தை, முன்னாடியே முடித்துவிடும் எங்கள் ஊரில் இது சும்மா வாதம் இல்லை.

பாலையூற்றில் ஒரு கத்தோலிக்க வீடு. பதிவாளர் வந்து, கையெழுத்தாகி, கேக்கும் வெட்டியாயிற்று. இரவானதும் மாமியார் மாப்பிள்ளை கையில் சோற்றுப் பார்சலைக் கொடுத்து, "கோவில் முடியட்டும் தம்பி" என்று அனுப்பிவிட்டார். குருவோ, அவருக்கு அடுத்த நிலையிலுள்ள தியாக்கோனோ முன்னிற்க, இரண்டு சாட்சிகள் அறிய வாக்குக் கொடுக்காத வரை, கத்தோலிக்கருக்கு அது திருமணமே அல்ல. சேர்ந்து வாழ்ந்தால் நற்கருணை வாங்க முடியாது. பிறகு கோவிலில் முறைப்படுத்தலாம். கடுமைதான். ஆனால் 1563இல் திரெந்து பொதுச்சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் பேரவை இந்த விதியைக் கொண்டுவந்த காரணம் எனக்குப் பிடிக்கும்: இரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் "நான் எப்போது சொன்னேன்?" என்று கைவிரித்தவர்களைத் தடுக்கத்தான்.

மெதடிஸ்தருக்குத் திருநீராட்டும் திருவிருந்தும் மட்டுமே சாக்கிரமெந்துகள், அதாவது இறையருளின் அடையாளமான புனிதச் சடங்குகள். திருமணம் அதில் சேராது. சட்டப்படி எழுதியவர்கள் கணவன் மனைவிதான். ஆலயத்தில் நடப்பது ஆசீர்வாதம். கோட்பாட்டில் இது இலகு. சரி, நடைமுறை? போதகர் ஒன்றும் சொல்லமாட்டார். அம்மம்மா மட்டும் அங்கேயும் சோற்றைப் பார்சல் கட்டித்தான் கொடுப்பார்.