கருப்பனை விட்டுவந்த நாய் விடுதி: ஓர் அனுபவப் பகிர்வு

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு நாய் விடுதியை 2021ஆம் ஆண்டு முதல் எங்கள் குடும்பம் பயன்படுத்தி வந்தது. திருநெல்வேலிக்கு ஊர்ப்பயணம் போகும்போதெல்லாம் எங்கள் கறுப்பு லாப்ரடார் கருப்பன் அங்கேதான் தங்குவான். தொடக்கத்தில் அது உண்மையிலேயே நல்ல விடுதியாக இருந்தது. அதனாலேயே பின்னாளில் நேர்ந்ததை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது அது மாமரங்கள் நின்ற ஒரு தோட்டவீடு. ஒரே நேரத்தில் ஏழெட்டு நாய்களுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். தடுப்பூசி அட்டையை வாங்கி, வெறிநோய், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசிகளின் தேதியை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். நாய்கள் கூடும் இடத்தில் எளிதில் தொற்றும் கென்னல் காஃப் இருமலுக்கான தடுப்பு மருந்து போட்டிராத நாயை உள்ளே விடவே மாட்டார்கள். கருப்பன் வீட்டில் உண்ணும் வேகவைத்த கோழியும் தயிர்சாதமும் அங்கேயும் கிடைத்தன. ஒருமுறை அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, நாங்கள் கேட்பதற்கு முன்பே உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, என்ன கொடுக்கலாம் என்று விசாரித்தார். அந்த ஓர் அழைப்புதான் எங்கள் நம்பிக்கையை உறுதியாக்கியது.

பிறகு விடுதி வளர்ந்தது. மரங்கள் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகையும் கம்பிக்கதவு வைத்த அறைகளும் எழுந்தன. விடுமுறைக் காலங்களில் நாற்பது நாய்கள் வரை இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துக்கொள்ள முன்பு இருந்த அதே இரண்டு பணியாளர்கள்தான். நாளொன்றுக்கு 500 ரூபாயாக இருந்த கட்டணம் 900 ஆனது. கட்டணம் உயர்ந்தது எனக்குக் குறையாகப் படவில்லை, நல்ல பராமரிப்புக்குச் செலவாகத்தான் செய்யும். தடுப்பூசி அட்டையைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்ததுதான் மனத்தை உறுத்தியது.

கடைசியாக விட்டது மே மாத விடுமுறையில், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு. தினமும் படம் அனுப்புவதாகச் சொன்னவர்கள், பல நாள் கேட்ட பிறகு ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் கருப்பன் சிவப்புக் கழுத்துப்பட்டை அணிந்திருந்தான். அந்த முறை நாங்கள் அனுப்பியது நீலப்பட்டை. பழைய படமா என்று கேட்டதற்கு, அவன் நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான் என்று மட்டுமே பதில் வந்தது.

அழைத்துவரச் சென்றபோது விலா எலும்புகள் தெரிந்தன. 31 கிலோ எடையிருந்தவன் 26 கிலோவுக்கு இறங்கியிருந்தான். விரலிடுக்குகளிலும் காதுமடலின் உட்புறத்திலும் உண்ணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. பல நாள்களாகவே சோற்றைத் தொடவில்லை என்று பணியாளர் ஒருவர் தயங்கியபடி சொன்னார். உரிமையாளரோ, உங்களைப் பிரிந்த ஏக்கம்தான் என்றார். தட்டில் எதை வைத்தாலும் மறுக்காத இனம் லாப்ரடார். அது உணவை ஒதுக்கினால் நோயென்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும் என்பது நாய் விடுதி நடத்துபவருக்குத் தெரியாத செய்தியன்று.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கடும் காய்ச்சல். மூக்கில் இரத்தம் கசிந்தது. பரிசோதனையில் எர்லிக்கியா என்னும் உண்ணிக் காய்ச்சல் உறுதியானது. இரண்டு இலட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய இரத்தத் தட்டணுக்கள் 42 ஆயிரமாகச் சரிந்திருந்தன. நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்து, மீண்டும் மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மருத்துவர் ஆபத்து நீங்கியதாகச் சொன்னார். உண்ணி கடித்த பிறகு இந்நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும் என்பதால், அது எங்கே தொற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை. நாயைப் பற்றும் பழுப்பு உண்ணி கட்டடத்துக்குள்ளேயே பெருகக்கூடியது. ஒரு பெண் உண்ணி சுவர் விரிசல்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே ஒவ்வொரு நாயின் மேலும் மருந்திடுவது போதாது, அறைகளையும் சுவர் இடுக்குகளையும் முறையாக மருந்தடித்துத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். நெருக்கமாக நாய்களை அடைத்து, அறை காலியாகும் அன்றே அடுத்ததைச் சேர்க்கும் இடத்தில் அதற்கு நேரம் எங்கே இருக்கும்?

உண்ணி எங்கும் வரும். அதற்காக மட்டும் ஒரு விடுதியை நான் பழிக்க மாட்டேன். அவன் உண்ணவில்லை என்பதை மறைத்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் சென்னையிலிருக்கும் என் தம்பி அன்று மாலையே அவனை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருப்பான்.

மருத்துவச் செலவைக் கேட்டபோது, அடுத்த முறை பாதிக் கட்டணம் கொடுத்தால் போதும் என்றார்கள். மறுத்துவிட்டோம். கட்டணம் பெற்றுச் செய்யும் சேவையில் குறையிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்; சேவைக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. கட்டண ரசீது, இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், அந்தச் சிவப்புப் பட்டைப் படம் ஆகியவற்றைச் சேர்த்து மனு அளித்திருக்கிறோம்.

தீபாவளிக்கு முன்பணம் கட்ட இருப்பவர்கள், இரவில் யார் அங்கே தங்குகிறார், ஓர் ஆளுக்கு எத்தனை நாய், நாய் ஒருவேளை உண்ணாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரவேற்பறையோடு நின்றுவிடாமல், நாய் படுக்கும் அறையையும் நேரில் பாருங்கள்.