பொங்கலுக்கு ஊர் போக: கிளாம்பாக்கம் அரசு சிறப்புப் பேருந்துகள்

ரயிலில் இடம் கிடைக்காமல், வீட்டு வாசலில் பொங்கல் வைக்கவும் குலதெய்வத்தைக் கும்பிடவும் தெற்கே போகிறவர்களுக்குச் சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும் இந்த அரசுப் பேருந்துகள்தான் கைகொடுக்கும். பண்டிகைக்கென்று கட்டணம் ஏறாது. அதற்காகவே தாராளமாகப் பாராட்டலாம்.

2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் விசாலமானது. சிக்கல் அங்கே போய்ச் சேர்வதில்தான். பழைய நிலையமான கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். போகிக்கு முந்தைய மாலை அங்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலை வழியிலுள்ள பெருங்களத்தூரிலேயே திணறும். மின்சார ரயிலில் வண்டலூர் வரை போய், அங்கிருந்து மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடியுங்கள்.

முன்பதிவில் நேரத்தைவிட வண்டி வகையைப் பாருங்கள். விரைவுப் போக்குவரத்துக் கழக வண்டியில் சாய்வு இருக்கை, பக்கவாட்டில் டிக்கி உண்டு. கூட்டம் கூடினால் மாவட்ட வண்டிகளை இறக்குவார்கள்: மூன்றும் இரண்டுமாக நிமிர்ந்த இருக்கை, தலைக்கு மேல் ஒடுங்கிய கம்பித் தட்டு. வெண்கலப் பானை அதில் நிற்காது, காலடியில்தான் வைக்க வேண்டும். நெல்லை வரை சுமார் 600 கிலோமீட்டர். வயதானவர்களை மாவட்ட வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

திரும்பும் டிக்கெட்டையும் கையோடு போட்டுவிடுங்கள். காணும் பொங்கல் இரவு நடுவழி ஊர்களுக்கு வண்டி நிரம்பித்தான் வரும். புறப்படும் ஊருக்கே போய் ஏறுவது உத்தமம்.